போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று

எதிர்க்காற்றுக்காரர் என்றொரு இனம் உண்டு. பறவைப் புத்தகத்தில் தேட வேண்டாம். எங்கள் டச்சு நாட்டுத் தட்டை நிலத்தில் எந்த ஆற்றுக் கரையணை மீதும், எந்தக் கால்வாய் ஓரத்திலும், காலை ஏழு முதல் ஒன்பது மணிவரை கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சிவந்த மூக்கு, நீர் வடியும் கண், வளைந்த முதுகு, சங்கிலியில் மாட்டாமல் இருக்கக் காலுறைக்குள் செருகிய வலது பக்கக் காற்சட்டை, சைக்கிளின் முன்னால் கட்டிய பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் இரண்டு ரொட்டித் துண்டு, ரொட்டிக்கு நடுவே காகிதம்போல் மெல்லிய ஒரு பாலாடைக்கட்டி வில்லை. ஆனால் இதெல்லாம் சைக்கிளில் வேலைக்குப் போகிற எவருக்கும் உண்டு. அசலைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். அவர் அலுவலகக் கதவைத் திறக்கும்வரை காத்திருங்கள். மற்றவர்கள் உள்ளே நுழைந்ததும் காலை வணக்கம் சொல்வார்கள். அவர் சொல்வது இது:

"தென்மேற்கு. ஆறு."

ஆறு என்பது காற்றின் பலம். மூன்றென்றால் மரத்தில் இலை அசையும். நாலென்றால் தெருவில் காகிதம் பறக்கும். ஆறென்றால் குடை பிடிக்க முடியாது. எதிர்க்காற்றுக்காரரின் ஆயுளில் மூன்றும் நாலும் அடித்ததே இல்லை.

இவர்களுடைய உலகத்தில் இயற்கை விதிகளே வேறு. காலையில் மேற்கே இருக்கிற அலுவலகத்துக்குப் போகிறார், காற்று மேற்கிலிருந்து. சரி, நடப்பதுதான். மாலையில் கிழக்கே வீட்டுக்குத் திரும்புகிறார். இப்போது காற்று கிழக்கிலிருந்து. மதிய உணவு வேளையில் அது ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் இவருக்காகக் காத்து நின்றிருக்கிறது. வருடத்தில் இருநூறு நாளும் இப்படி. பின்காற்று என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் வேறு. நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தால் காரணம் காற்று. இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தால் காரணம் கால்.

இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒன்றைக் காட்டச் சொன்னால், ஔடெர்வீன் கிராமத்து அலெய்டா ரோஸ்யென் அம்மையாரைக் காட்டலாம். அறுபத்திரண்டு வயது. நகரத்தில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருட வேலை. கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ரயில். அதனால், இந்த நாட்டில் எத்தனையோ பேரைப் போல, அவருக்கும் இரண்டு சைக்கிள். வீட்டிலிருந்து கிராமத்து ரயில் நிலையம்வரை ஒன்று. நகரத்து நிலையத்தில் இறங்கியதும் ஆய்வுக்கூடம்வரை இன்னொன்று. முதலாவது இரவில் வீட்டுக் கொட்டகைக்குள் தூங்கும். எண்ணெய் உண்டு, துடைப்பு உண்டு. இரண்டாவது நகரத்து நிலைய வாசலில் மழையில் நிற்கும். வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் உள்ள வித்தியாசம்தான்.

அவர் மகன் ரூலொஃப். முப்பத்தாறு வயது. ரயில் பாதையில் சிக்னல் டெக்னீஷியன். அளக்க முடியாத எதையும் அவன் நம்புவதில்லை. அளந்த எதையும் அவன் அம்மா நம்புவதில்லை. பத்தொன்பது வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கும்போது நாலு கிண்ணம் வைத்த ஒரு காற்றுமானியைத் தானே செய்து வீட்டுக் கூரையில் மாட்டினான். அம்மா ஆறு என்று சொல்லிக்கொண்டு வந்த மாலை அது நாலு காட்டியது.

"அது கூரையில. நான் வந்தது ரோட்டுல" என்றார் அலெய்டா.

"கூரையில காத்து அதிகமாத்தான் இருக்கும்மா. கீழ கம்மி."

"கம்மியா? வா, நாளைக்கு நீ என் சைக்கிள்ல போ. உன் கிண்ணத்தையும் தலையில மாட்டிக்க."

இயந்திரம் தோற்றது. இரண்டு வருடம் கழித்து அவன் வேறு சாட்சியைக் கூப்பிட்டான். ஊர்த் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஒரு பித்தளைச் சேவல் உண்டு. காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே அலகைக் காட்டும். முந்நூறு வருடமாக ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் துணி உலர்த்துகிறார்கள்.

"சேவலைப் பாரும்மா. அலகு மேற்க பாக்குது. நீ ஸ்டேஷன்லேருந்து கிழக்க வந்திருக்க. காத்து உன்னைத் தள்ளிக்கிட்டுத்தானே வந்திருக்கும்?"

அலெய்டா ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அந்தச் சேவல் துருப்பிடிச்சுப் போச்சு."

"பித்தளை துருப்பிடிக்காதும்மா."

"அது உக்காந்திருக்கிற கம்பி?"

"போன மாசம்தானே ஏணி வெச்சு ஏறி எண்ணெய் போட்டாங்க? நீயே நின்னு பாத்த."

"பாத்தேன். துரு மேல எண்ணெய் போட்டாங்க. அப்படியே இறங்கிட்டாங்க."

இந்த இனத்தோடு வாதாடிப் பயனில்லை. ஏனென்று கேளுங்கள். நமக்கு வானிலை என்பது வானத்தில் நடப்பது. அவர்களுக்கு அது அவர்களுக்கே நடப்பது.

மழை விஷயத்தையும் பார்த்துவிடுவோம். எதிர்க்காற்றுக்காரர் கையில் செல்பேசி, செல்பேசியில் மழை வரைபடம். நீல மேகம் எத்தனை நிமிடத்தில் தலைக்கு மேல் வரும், எத்தனை நிமிடத்தில் போகும் என்று அது காட்டும். அலெய்டா அதைப் பார்த்துச் சொல்லும் முடிவு எப்போதும் ஒன்றுதான். ஏழு நிமிடம். மகள் யோரின்டெயின் பிறந்தநாள் விருந்து முடிந்து, வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து எழுந்து, எல்லாரோடும் கைகுலுக்கி, மேலங்கியை மாட்டி, பொத்தானும் போட்டுவிட்ட பதினோரு விருந்தாளிகளை ஒரு தடவை அவர் வாசல் நடையில் நிறுத்தினார். "ஏழு நிமிஷம். அப்புறம் சொட்டு இருக்காது." பதினோரு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்கள். கதவைத் திறந்தபோது ஆலங்கட்டி விழுந்தது. அலெய்டா அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். "என்ன நிக்கிறீங்க? சர்க்கரையா நீங்கல்லாம், கரைஞ்சு போறதுக்கு?"

மழைக் காற்சட்டை ஒரு தனிப் புராணம். மழை வருவதற்கு முன் அதைப் போடுவது கோழைத்தனம். மழை வந்தபின் போட்டுப் பயனில்லை. ஆகவே பாலத்துக்கு அடியில், ஒற்றைக் காலில், சைக்கிளை இடுப்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, சேறு பூசிய காலணியோடு அதற்குள் நுழைய வேண்டும். நுழைந்து முடித்ததும் மழை நிற்கும். கழற்றி மடித்துக் கூடையில் வைத்ததும் தொடங்கும். அலெய்டாவின் மழைக் காற்சட்டை பதினேழு வருடம் உழைத்தது. அதன் உட்புறம்தான் அதிகம் நனைந்தது.

போகட்டும். சைக்கிளையாவது நன்றாக வைத்துக்கொள்வார்களா? வீட்டுச் சைக்கிளை, ஆம். நிலையத்துச் சைக்கிளுக்குச் சாஸ்திரமே வேறு: பார்க்கிற திருடனுக்கு அதன்மேல் இரக்கம் வர வேண்டும். அலெய்டா தம் சைக்கிளைக் கொட்டகைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை, வேலிக்கு அடித்து மிஞ்சிய பழுப்பு, எதற்கு அடித்ததென்றே தெரியாத ஒரு மஞ்சள் என மூன்று நிறத்தில், அகலமான சுவர்த் தூரிகையால், டயரையும் விடாமல் பூசியிருந்தார். இருக்கைக்கு மேல் மளிகைக் கடைப் பையொன்று கட்டியிருக்கும். பூட்டின் விலைக்கு அதேபோல் நாலு சைக்கிள் வாங்கலாம். பூட்டின் சாவித் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. நகர நிலையத்துக்கு அடியில், கூரையும் காவலும் வைத்து, மூன்று தளத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நிறுத்தலாமே என்றால், "அது சைக்கிள் ஓட்டத் தெரியாதவங்களுக்கு" என்பார். வெளியே எங்கே நிறுத்துவது என்பதற்கு அவரிடம் நீண்ட சித்தாந்தம் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கேட்டு முடித்ததில்லை. தொடங்கினால் நிற்காது.

நாலு வருடத்துக்கு முன் ரூலொஃப் மின்சார சைக்கிள் வாங்கினான். வீட்டில் துக்கம்.

"மோட்டார் வெச்ச நாற்காலி. முட்டி தேஞ்சவங்களுக்கு" என்றார் அலெய்டா.

"ஒரு தடவை ஓட்டிப் பாரேன்."

"எதுக்கு? எனக்கு என்ன வயசாச்சா?"

அடுத்த வாரமே கரையணை மேல் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துப் போகையில், எண்பத்து மூன்று வயது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல், வாயில் அதிமதுர மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவரைத் தாண்டினார். தாண்டும்போது தொப்பியைத் தொட்டு, "கொஞ்சம் காத்து, இல்ல அலெய்டா?" என்றும் சொன்னார். கொஞ்சமாம்! இரண்டு நாள் அலெய்டா யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மகனுடைய சைக்கிளை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்க் கரையணையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரூலொஃப் வாசலில் பிடித்துவிட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"என்ன சொல்றது? நான் ஏறின நேரம் பாத்து காத்து நின்னுபோச்சு."

இன்னொரு வழக்கமும் உண்டு. தினமும் மாலை ஐந்தேகாலுக்கு, நகர நிலைய நடைமேடையிலிருந்து மகனுக்குப் போன். அன்றைய திசை, அன்றைய பலம், முகத்தில் பட்ட விதம், இடையில் வந்த மழை, வழிமறித்த சுற்றுலாக்காரர்கள், தப்பான பக்கத்தில் வந்த ஒரு மாணவி, அவளுக்கு அடித்த மணி. மூன்று நிமிடம். ரூலொஃப் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, கையால் வேறு வேலை பார்த்தபடி, "ம்" போடுவான். எத்தனையாவது நொடியில் எந்த "ம்" போட வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்த அழைப்பில் அந்த "ம்"கூட இல்லை. அவன் தண்டவாள ஓரத்து சிக்னல் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"வடகிழக்கு. ஆறு. ஊசியா குத்துதுடா. அதான் சைக்கிளைக்கூட இன்னைக்கு..."

"அம்மா, வேலைல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் அலெய்டா இறந்துபோனார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பத்து நிமிடம் என்றார் மருத்துவர். அன்று ஊரில் காற்றே இல்லை. புகைபோக்கிகளின் புகை நேராக மேலே போயிற்று. அதைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்தது. யோரின்டெ வீட்டை ஒழுங்கு செய்யத் தொடங்கினாள். ஒழுங்கு செய்வதில் அவள் கெட்டிக்காரி. மூன்று வாரத்தில் ஒரு பொருள்கூட அம்மா வைத்த இடத்தில் இல்லை. நாலாம் வாரம் செவ்வாய்க்கிழமை, அவள் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்திருந்த சாவிகளுக்குள் ரூலொஃப் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தான்.

"நிலையத்துச் சைக்கிள்" என்றான்.

"அது இன்னுமா அங்க நிக்குது?" என்றாள் யோரின்டெ. "விட்டுத் தொலை. இரும்புக் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்."

நிலைய வாசலில் ஒரு சைக்கிள் இருபத்தெட்டு நாள் அசையாமல் நின்றால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் சக்கரக் கம்பியில் மஞ்சள் சீட்டு, பிறகு லாரி. ரூலொஃப் எண்ணினான். செவ்வாய்க்கிழமை இருபத்தைந்தாம் நாள். வெள்ளிக்கிழமை காலை லாரி. லாரி கொண்டுபோகிற கிடங்கு ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய் அடையாளம் சொன்னால் சைக்கிளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அது அவனுக்குத் தெரியும். ஆனால் கிடங்கில் இருப்பது லாரிக்காரர் வைத்த சைக்கிள். அம்மா வைத்தபடியே உலகத்தில் மிச்சம் நின்றது இது ஒன்றுதான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சைக்கிள் வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனான். அம்மாவின் கதைகளில் எப்போதும் வருவது நிலையத்தின் பின்பக்கம், தபால் அலுவலகத்தை ஒட்டிய சைக்கிள் வரிசைகள். சைக்கிளை நிறுத்தும்போது அங்கே பார்த்த ஆட்கள், அங்கே போட்ட சண்டைகள். ஆகவே அங்கேயே தேடினான். டெக்னீஷியன் தேடுகிற மாதிரி, வரிசைக்கு எண் போட்டு, பார்த்ததைக் கோடு கிழித்து. இரண்டாயிரத்துக்கு மேல் சைக்கிள். அப்போதுதான் இந்த இனத்தின் பெருக்கம் அவனுக்குப் புரிந்தது. பச்சையும் பழுப்பும் பூசியவை நாற்பது. டயர்வரை பூசியவை ஒன்பது. இருக்கையில் மளிகைப் பை கட்டாதவற்றை எண்ணுவது சுலபம். தம் சைக்கிளை ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று எல்லாரும் ஒரே கோலத்தில் அலங்கோலம் செய்துவைத்தால், சொந்தக்காரரே எப்படிக் கண்டுபிடிப்பார்?

வியாழக்கிழமை மறுபடி வந்தான். மதியம் ஒரு மணிக்கு, முப்பத்தோராம் வரிசையில் பச்சை, பழுப்பு, கொஞ்சம் மஞ்சள். மஞ்சள் சீட்டு மட்டும் இல்லை. யாராவது பிய்த்திருக்கலாம். குனிந்து சாவியைப் பூட்டில் நுழைத்தான். நுழைந்தது. திரும்பவில்லை. அழுத்தினான்.

"நல்லாத் திரும்புதா, சார்?"

பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. மழைக் காற்சட்டையில் ஒரு கால் உள்ளே, இன்னொரு கால் வெளியே. கொக்கு மாதிரி நின்று தத்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பையில் நேல்கெ என்று பெரிதாகப் பெயர் எழுதியிருந்தது.

"இல்லை" என்றான் ரூலொஃப்.

"திரும்பாது. அது என் சைக்கிள். ஆனா சாவி எடுத்துக்கிட்டுத் திருட வந்த முதல் ஆள் நீங்கதான். அந்த மரியாதைக்கு நன்றி."

"மன்னிச்சுக்குங்க. எங்க அம்மா சைக்கிள்னு நெனச்சேன். இதே மாதிரித்தான் இருக்கும். அசிங்கமா."

"ரொம்ப நன்றி."

"அதாவது, மூணு கலர் அடிச்சு..."

"எத்தனை கலர்னு எனக்குத் தெரியும், நான்தான அடிச்சேன். அம்மாவையே கேக்க வேண்டியதுதானே, எங்க வெச்சீங்கன்னு?"

"இறந்துட்டாங்க."

நேல்கெ தத்துவதை நிறுத்தினாள். வெளியே இருந்த கால் தரையைத் தொட்டது. ஐயோ பாவம் என்றோ, எப்போது என்றோ, எப்படி என்றோ கேட்பாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ரூலொஃபும் எதிர்பார்த்தான், நாலு வாரமாக எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். அவள் கேட்டது வேறு.

"அவங்க கடைசியா சைக்கிளை வெச்ச அன்னைக்கு என்ன காத்து?"

என்ன கேள்வி இது? இறந்தவரைப் பற்றி இப்படியும் ஒருத்தி கேட்பாளா? ஆனால் அதைவிட வேடிக்கை, ரூலொஃப் யோசிக்காமல் பதில் சொன்னது.

"வடகிழக்கு. ஆறு."

"ஆறா?"

"அஞ்சு இருக்கும். அவங்க ஆறுன்னு சொன்னாங்க."

"அவங்க சொன்னா ஆறுதான். அப்ப இங்க என்ன தேடிக்கிட்டிருக்கீங்க?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "வருஷம் பூரா தென்மேற்கு அடிக்குது. கட்டடம் மறைக்கும்னு நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் வெக்கிறோம். வடகிழக்கு அடிக்கிற அன்னைக்குப் புத்தி இருக்கிறவ இங்க வெப்பாளா? காத்து நேரா இந்த வரிசையிலதான் மோதும். ஒண்ணு சரிஞ்சா அம்பது சரியும். அன்னைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம். சுவர் ஓரம். கடைசி இடம். போங்க, போய்ப் பாருங்க."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காத்தைப் பாக்காம சைக்கிளை நிறுத்துற ஆளும் இருக்காங்களா, சார்?" என்றாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

பஸ் நிலையத்தின் பக்கம் ரூலொஃப் அதுவரை வந்ததே இல்லை. சுவர் ஓரத்தில் பத்துப் பதினைந்து சைக்கிள்கள் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைசி இடம், எல்லாவற்றுக்கும் அடியில். பச்சை. பழுப்பு. மஞ்சள். மஞ்சள் சீட்டு.

அலெய்டாவின் கணக்கில் பிழையில்லை. வடகிழக்குக் காற்றுக்கு அந்தச் சுவரைவிடப் பத்திரமான இடம் அந்த நிலையத்தில் கிடையாது. ஆனால் அது வெள்ளிக்கிழமைக் கணக்கு. திங்கட்கிழமை காலை வந்து எடுக்கப் போகிறவர் போட்ட கணக்கு. அதற்குப் பிறகு மூன்றரை வாரம் தென்மேற்கு அடித்திருக்கிறது.

மேலே கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினான். நாலு சைக்கிள். இருக்கையில் கட்டியிருந்த பையின் முடிச்சு வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடியைக் கழியில் கட்டும் அதே முடிச்சு. அவிழ்த்தான். இருபத்தேழு நாள் மழைக்கு அடியில் இருக்கை உலர்ந்திருந்தது. பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சாவி கறகறவென்று ஒரு சத்தத்தோடு திரும்பியது.

அதை ரயிலில் ஏற்றியிருக்கலாம். கிராமத்து நிலையத்தில் அவனுடைய மின்சார சைக்கிளும் நின்றது. அவன் சீட்டைக் கிழித்து, சக்கரத்துக்குக் காற்றடித்து, ஐசல் ஆற்றுக் கரையணை மேல் ஏறினான். ஔடெர்வீனுக்கு வடகிழக்காக இருபத்திரண்டு கிலோமீட்டர். இருக்கை அவன் உயரத்துக்குத் தாழ்வு. முழங்கால் கைப்பிடியில் இடித்தது. சங்கிலி ஒவ்வொரு சுற்றுக்கும் பூனை மாதிரி அழுதது. தென்மேற்குக் காற்று அவன் முதுகில் கைவைத்துத் தள்ளியது. அவன் கோட்டு அவனுக்கு முன்னால் பறந்தது. ஆற்றோர நாணல் முழுக்க அவன் போகிற திசையில்தான் தலைசாய்த்திருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, எதையோ நெஞ்சால் முட்டித் தள்ளுகிறவனைப் போல மிதித்தான். எட்டாவது கிலோமீட்டரில் மின்சார சைக்கிளில் ஒரு கிழவர் தாண்டினார்.

"கொஞ்சம் காத்து, இல்ல தம்பி?"

"கொஞ்சமா?" என்று கத்தினான் ரூலொஃப்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கண்ணிலிருந்து நீர் வடியத் தொடங்கியது. துடைத்தான், மறுபடி வடிந்தது. காற்றுதான் என்று முடிவு செய்தான். பின்காற்றில் கண் கலங்காது என்பது காற்றுமானி செய்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஏழு நிமிடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தான். நிற்கவில்லை.

யோரின்டெ அம்மாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்வாசல் கதவு திறந்தது. சிவந்த மூக்கு, கலைந்த முடி, காலுறைக்குள் செருகிய வலது பக்கக் காற்சட்டை.

"தென்மேற்கு. ஆறு" என்றான் ரூலொஃப். "வழி முழுக்க எதிர்க்காத்து."

அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. ஜன்னல் வழியே கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த மூன்று நிறத்தைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தாள். சேவலின் அலகு தென்மேற்கே, அவன் வந்த நகரத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

"டேய், நீ வந்தது நகரத்துலேருந்துதானே? சேவல் பாரு..."

"அந்தச் சேவல் துருப்பிடிச்சுப் போச்சு."

யோரின்டெ சட்டையைப் பெட்டியில் வைத்தாள். காபி போட்டாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவனுக்கு ஒன்று கொடுத்தாள். எங்கள் வீடுகளில் ஒருவருக்கு ஒரு பிஸ்கட்; கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவது வழக்கம். அவள் மூடவில்லை.

"சொல்லு" என்றாள். "எந்த இடத்துல ரொம்ப மோசமா அடிச்சுது?"

அவன் சொன்னான். மூன்று நிமிடம் அல்ல, அரை மணி நேரம். அவள் நடுவில் எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் சைக்கிளே இல்லை. உங்கள் ஊர்க் கோபுரத்தில் சேவலும் இல்லை. நல்லது. ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். நேற்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன? எல்லா சிக்னலும் சிவப்பு என்பதா, பஸ்ஸில் நிற்க இடமில்லை என்பதா, அந்த வெயிலைப் போல வெயிலை வாழ்நாளில் கண்டதில்லை என்பதா? இருக்கட்டும். எல்லா சிக்னலும் பச்சையாக இருந்து, பத்து நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்த நாள்கள் உங்களுக்கும் இருந்திருக்குமே, அதை எப்போதாவது யாரிடமாவது சொன்னதுண்டா?

இல்லையா? கண்ணாடியில் போய் மூக்கைப் பாருங்கள்.